எல்லோரும் சேர்ந்து பாட ஒரு குழு: குமரி மாவட்டத்தில் தொடங்குவது எப்படி?

குமரி மாவட்டத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. சர்ச்சுக்குச் சர்ச் பாடகர் குழு இருக்கிறது, ஊருக்கு ஊர் கோயில் கொடைத் திருவிழா நடக்கிறது, கொடைக்கு வில்லுப்பாட்டு வருகிறது. ஆனால் பக்கவாதத்தில் பேச்சுப் போனவரும், சக்கர நாற்காலியில் இருப்பவரும், சத்தம் தாங்காத ஆட்டிசக் குழந்தையும், அந்தக் குழந்தையை விட்டு நகர முடியாத அம்மாவும், பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவில் இருக்க வீட்டில் தனியாகக் கிடக்கும் பாட்டியும் இந்தப் பாட்டுகளில் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். பலர் வீட்டைவிட்டு வருவதே இல்லை.

கல்குளம் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து, இவர்களும் பாடி வாசிக்கும் ஒரு குழுவை நடத்துகிறோம். தொடங்கும்போது யாரைக் கேட்பது, எந்தத் தாள் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று சொல்ல ஆள் இல்லை. கதவு கதவாகத் தட்டித்தான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்து சேர யாருக்கு அதிகம் கஷ்டமோ, அவரை மனதில் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள். இடம், நேரம், சுருதி, பாட்டு எல்லாமே அப்படித்தான். நன்றாகப் பாடுகிறவர்களை வைத்து முடிவெடுத்தால் சில மாதத்தில் இன்னொரு பாடகர் குழுதான் மிஞ்சும். அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

1. முதலில் ஆட்களைத் தேடுங்கள்

ஐந்தாறு பேர் போதும். அந்த ஐந்தாறு பேரில் ஒரு மாற்றுத்திறனாளியும், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். அவர்களை "பங்கேற்க" அழைப்பது வேறு, முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யுங்கள். இரும்பு மடக்கு நாற்காலியில் அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறந்தால் சக்கர நாற்காலி நுழையாது போன்றவற்றை அவர்கள்தான் சொல்வார்கள். நமக்குத் தோன்றாது.

ஆட்களைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு துண்டறிக்கை கொடுக்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு வந்துபோகும் சிறப்பாசிரியர்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பிசியோதெரபி செய்கிறவர்கள் ஆகியோரிடம் சொல்லி வைக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் அக்காக்களுக்கு, எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது அத்துபடி. ஆனால் அவர்களிடம் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். நோயாளி விவரத்தை அவர்கள் தருவது சரியில்லை. நம் துண்டறிக்கையை அந்த வீட்டில் கொடுக்கச் சொன்னால் போதும், விருப்பமுள்ளவர் கூப்பிடுவார்.

துண்டறிக்கையில் "இசை சிகிச்சை" என்று போடாதீர்கள். நாம் சிகிச்சையாளர் இல்லை. அப்படிப் போட்டால் "எத்தனை நாளில் நடப்பான்?" என்ற கேள்வியோடு வருவார்கள், அந்த நம்பிக்கை உடையும்போது குழுவும் உடையும். சேர்ந்து பாடுவதால் மனதுக்கு நல்லது என்று சொல்லலாம், அதற்கு ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் உடல் மன நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. 2015-ல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆய்வு ஒன்று நமக்கு இன்னும் நேரடியாகப் பயன்படும். இங்கிலாந்தில் ஏழு மாதம் நடந்த பாட்டு வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் ஆட்கள் நெருக்கமாகிவிட்டார்கள். பாடியவர்கள் மட்டும் முதல் மாதத்திலேயே நெருங்கியிருந்தார்கள். அறிமுகமே இல்லாதவர்கள் சேரும் கூட்டத்துக்கு வேண்டியது அதுதானே.

2. இடம்

இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். நம் மாவட்டத்தில் நல்ல ஹால் எல்லாம் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ கோயில் மண்டபத்திலோ சமுதாய நலக்கூடத்திலோதான் இருக்கும். அவர்கள் அன்பாகத்தான் தருவார்கள். ஆனாலும் ஒரு சர்ச் ஹாலில் தொடங்கினால் அது "அவங்க குழு", ஒரு சமுதாயத்தின் மண்டபத்தில் தொடங்கினால் அது "அந்த ஆளுகளோட குழு" என்று பெயர் விழுந்துவிடும். விழுந்த பெயரை மாற்றுவது கஷ்டம். பேரூராட்சி சமுதாயக் கூடம், கிராம சேவை மையக் கட்டடம், நூலகத்தின் அறை, அரசுப் பள்ளி ஆகியவற்றை முதலில் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் மாதத்துக்கு ஒரு இடமாக மாற்றி நடத்துங்கள். சர்ச் ஹால், கோயில் மண்டபம், பள்ளிவாசல் பக்கத்து மதரசா என்று சுற்றிவரும் குழுவை யாரும் தன் குழு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

உங்கள் ஊர் ஊராட்சியா பேரூராட்சியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குமரியில் பேரூராட்சிகள் அதிகம். பக்கத்துத் தெரு வேறு அமைப்பில் இருக்கும். பேரூராட்சி என்றால் மனு செயல் அலுவலருக்கு. ஊராட்சி என்றால் ஊராட்சி அலுவலகத்துக்கு. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை ஒரு நல்ல வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அதில் கோரிக்கை வைத்துத் தீர்மானத்தில் ஏறிவிட்டால், பிறகு அதிகாரி மாறினாலும் கையில் ஒரு தாள் இருக்கும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது அளவு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். வாசல் குறைந்தது 90 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். சாய்தளத்துக்கு 1:12 கணக்கு. அதாவது 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். "ஒரு பலகையைப் போட்டுத் தள்ளிவிடலாம்" என்று சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். செங்குத்துப் பலகையில் சக்கர நாற்காலி பின்னால் சாய்ந்தால் தலையில்தான் அடிபடும். நாலு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே வைப்பதும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் தூக்கப்படுகிறவர் இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை "உடம்பு சரியில்லை" என்பார்.

கூரையைப் பாருங்கள். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ என்றால் ஜூன், ஜூலை மழையிலும் ஐப்பசி மழையிலும் ஒரு வரி காதில் விழாது. வழவழப்பான டைல்ஸ் போட்ட காலி ஹாலில் எதிரொலி அதிகம், காது கருவி போட்டிருப்பவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. நாலு பழைய ஜமுக்காளத்தைத் தரையில் விரித்து, இரண்டு போர்வையைச் சுவரில் தொங்கவிட்டால் பாதி குறையும். பக்கத்தில் ஒரு சின்ன அறையோ திண்ணையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். சத்தம் கூடிப்போனால் ஒரு குழந்தை எழுந்து போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வர அது வேண்டும்.

சாவி யாரிடம்? இதைக் கேட்காமல் வராதீர்கள். இரண்டு பேருடைய போன் எண் வாங்குங்கள். வெயிலில் ஒரு அம்மா மகனைப் பிடித்துக்கொண்டு பூட்டிய கதவின் முன் நிற்கும் நிலைமை ஒரு தடவை வந்தால் போதும், அவர் மறுபடி வரமாட்டார்.

3. நேரமும் மாதமும்

ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்துவிடுவார்கள், மதியம் கொஞ்சம் கண் அசர வேண்டும். மாலை ஆறு ஆறரைக்கு விளக்கு வைக்கும் நேரம், பல வீடுகளில் குடும்ப ஜெப நேரம். இரண்டுக்கும் நடுவில் மூன்றரை முதல் ஐந்து மணி வரை என்பது எங்களுக்குப் பொருந்திய நேரம். கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள், அதனால் ஞாயிறு மாலை நல்லது. உள்நாட்டு ஊர்களில் சனிக்கிழமை. மாதத்துக்கு இரண்டு போதும். வாரா வாரம் என்று தொடங்கினால் பார்த்துக்கொள்பவர்கள் களைத்துவிடுவார்கள்.

எந்த மாதம் தொடங்குவது என்பதும் முக்கியம். மார்ச், ஏப்ரல் பரீட்சைக் காலம், கொடைக் காலமும் அதுதான். வில்லுப்பாட்டுக்காரர், மைக் செட் போடுகிறவர் யாரும் கிடைக்க மாட்டார்கள். டிசம்பரில் கேரல், கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் திருவிழா. பொங்கல் முடிந்த வாரமோ ஆகஸ்ட் நடுவிலோ தொடங்குங்கள். மீனவ ஊர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. விசைப்படகுத் தடைக்காலம் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆண்கள் கரையில் இருக்கும் காலம் அது. பெண்களும் முதியவர்களும் மட்டும் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு அண்ணன்மாரும் வர அப்போது அழையுங்கள்.

4. வந்து சேரும் வழி

பல பேருக்கு முழுச் செலவே போக்குவரத்துதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், மாற்றுத்திறனாளியோடு துணைக்கு வரும் ஒருவருக்கும் அப்படியே. எல்லாப் பேருந்துக்கும் இது பொருந்தாது, போர்டைப் பார்த்து ஏற வேண்டும். இடத்துக்குப் பக்கத்தில் எந்தெந்த நகரப் பேருந்து எத்தனை மணிக்கு நிற்கும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். திரும்பும் பேருந்து நேரத்தை வைத்துக் கூட்டத்தை முடியுங்கள்.

பேருந்தில் ஏறவே முடியாதவர்களுக்கு ஆட்டோ. பழக்கமான ஒரே ஆட்டோ அண்ணனை மாதக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஆள் வந்தால் எப்படிப் பிடித்து ஏற்றுவது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. ஆட்டிசம், பார்க்கின்சன் நோய், மனநோய் எல்லாம் அதில் உண்டு, இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. யுடிஐடி என்னும் அந்த அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை, ஆதாரும் போட்டோவும் வேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். விண்ணப்பிக்க உதவுங்கள். ஆனால் குழுவில் சேர அட்டையைக் கேட்காதீர்கள். பாட வருகிறவரிடம் சர்டிபிகேட் எதற்கு?

5. தாள்கள்

தொடங்கும்போது சங்கப் பதிவு தேவையில்லை. பலர் முதலில் அதற்குத்தான் ஓடுகிறார்கள், பெயர் என்ன, தலைவர் யார் என்பதிலேயே குழு இரண்டாகிவிடுகிறது. ஆறு மாதம் பாடுங்கள், அப்புறம் பார்க்கலாம். முதல் நாளிலிருந்து வேண்டியவை இவ்வளவுதான்.

இடத்துக்கான அனுமதிக் கடிதம். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி, வாடகை எவ்வளவு, கரண்டுக்குத் தனியா, யார் பொறுப்பு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். மனு கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "சும்மா நடத்துங்க, நம்ம இடந்தானே" என்று வாயால் சொன்னதை நம்பித் தொடங்கிய பிறகு, ஒரு கல்யாணம் வந்ததும் எங்களை வெளியே நிற்க வைத்த அனுபவம் உண்டு. சொன்னவர் நல்லவர்தான், அவர் கையில் அதிகாரம் இல்லை.

ஒரு நோட்டு. ஒவ்வொருவரின் பெயர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண், வலிப்பு உண்டா, சர்க்கரை உண்டா, எந்தச் சத்தம் பிடிக்காது, தொட்டால் பிடிக்குமா பிடிக்காதா. இந்த நோட்டு ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

போட்டோ, வீடியோ எடுக்க எழுத்துப்பூர்வ சம்மதம். பெரியவர் என்றால் அவரிடமே கேளுங்கள், கூட வந்த அண்ணனிடம் கேட்காதீர்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கையெழுத்தும், குழந்தையிடம் சம்மதமும்.

ஸ்பீக்கர் வைத்தால் காவல் நிலைய அனுமதி. வெளியில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். என் கருத்து, ஸ்பீக்கரே வேண்டாம். மைக் வந்ததும் ஒருவர் பாட, மற்றவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பணம் சேரத் தொடங்கினால், ஆட்கள் கூடினால், பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். சங்க விவரணக் குறிப்பு, துணை விதிகள், உறுப்பினர்களின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கான சான்று, கட்டடம் அடுத்தவருடையது என்றால் அவருடைய சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். உங்கள் ஊர் எந்தப் பதிவாளருக்குக் கீழே வருகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். துணை விதிகளை வேறு சங்கத்திடமிருந்து அப்படியே நகலெடுத்துத் தருவார்கள், வாங்காதீர்கள். அதில் நமக்குச் சம்பந்தமில்லாத நோக்கங்கள் இருக்கும், நமக்கு வேண்டியது இருக்காது. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் குடும்பத்தினரும் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். பதிவு முடிந்தால் வேலை முடியாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதை யார் செய்வது என்று முடிவான பிறகு பதிவு செய்யுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத தெரு கிடையாது, உதவவும் ஆசைப்படுவார்கள். இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்பினால் பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்த அனுமதி இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. பணம் வருவதற்கு முன்பே கேளுங்கள், வந்த பிறகு திருப்பி அனுப்புவது சங்கடம்.

6. செலவு

பெரிய வாத்தியம் எதுவும் முதலில் வாங்க வேண்டாம். இரண்டு ஜோடி ஜால்ரா, ஒரு கஞ்சிரா, ஒரு மண் குடம், காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் அரிசியும் புன்னைக்கொட்டையும் போட்ட கிலுக்குகள். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். சுருதிக்குப் போனில் இலவச ஆப் இருக்கிறது. பழைய ஆர்மோனியம் பத்தாயிரத்துக்குள் கிடைத்தால், வாசிக்க ஆள் இருந்தால் மட்டும், வாங்கலாம். தையல் கடையில் வெல்க்ரோ பட்டை ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடி இல்லாத கையில் கிலுக்கைக் கட்ட அதைப் போல உதவுவது வேறில்லை.

மாதச் செலவில் சாயாவும் கடியும் (தின்பண்டம்) ஒரு பங்கு. 25 பேருக்கு ஒரு கூட்டத்துக்கு ஐந்நூறு, அறுநூறு ஆகும். வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொண்டுவந்தால் மரச்சீனிக் கிழங்கும் சுக்குக் காப்பியும் அதைவிடக் குறைவில் முடியும். ஆனால் முறை வைக்கும்போது முடியாதவரின் பெயரையும் போட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஆட்டோ, பாட்டுத் தாள் நகல் எல்லாம் சேர்த்து மாதம் நாலாயிரம் ரூபாய் கையில் இருந்தால் நிம்மதி. சந்தா வைக்க வேண்டாம். வாசலில் ஒரு மூடிய டப்பா இருக்கட்டும், போட விரும்புகிறவர் போடட்டும். கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தமாக வாசியுங்கள்.

7. ஆளுக்கொரு வேலை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், குழுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "நீங்களும் சேர்ந்து கைதட்டுங்க" என்று சொல்வது வேலை கொடுத்ததாக ஆகாது. அவர் இல்லாவிட்டால் பாட்டு நிற்கும் என்ற அளவுக்கு ஒரு வேலை வேண்டும்.

நம் வில்லுப்பாட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. புலவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்கிறார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள், நடுவில் "ஆமா" போடுகிறார்கள். ஆமா விழாமல் கதை நகராது. வாய் பேசாத ஒரு பையனுக்கு அந்த "ஆமா"வைக் கொடுங்கள். அவனுடைய தங்கையின் குரலில் போனில் பதிந்து, திரையில் பெரிய பொத்தானாக வைத்துவிட்டால் அவன் அழுத்தும்போதுதான் அடுத்த வரி வரும். எடுத்துக் கொடுக்கிறவர் காத்திருக்க வேண்டும், எத்தனை நேரமானாலும். காத்திருக்கப் பழகுவதுதான் முன்னால் உட்காருகிறவருக்கான முதல் பயிற்சி.

வில்லில் மணிகள் தொங்குவதால் அதை அடிக்கும் வீசுகோல் எங்கே பட்டாலும் சத்தம் நன்றாகவே இருக்கும். கை நடுங்குகிறவருக்கு அது பொருத்தமான வாத்தியம். குடம் அடிக்க ஒரு கை போதும். காது கேளாதவர்களைத் தாளத்தில் உட்கார வையுங்கள். மரப்பலகை மேல் வெறுங்காலோடு உட்கார்ந்தால் அதிர்வு காலில் தெரியும், ஊதிய பலூனை இரண்டு கையில் பிடித்தாலும் தெரியும். ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி காது மிகக் குறைவாகவே கேட்கும் நிலையில், வெறுங்காலோடு வாசித்துத்தான் உலகம் சுற்றுகிறார். பார்வை இல்லாதவர்களுக்குத் தாள் தேவையில்லை, பாட்டை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பினால் மனப்பாடத்தோடு வருவார்கள். மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுப்பவர்களாக அவர்களையே வையுங்கள்.

பக்கவாதத்தில் பேச்சுப் போன சிலருக்குப் பழைய பாட்டின் வரி மட்டும் முழுதாக வாயில் வந்துவிடும். மறதி நோய் உள்ளவர்களுக்கும் சின்ன வயதுப் பாட்டு கடைசிவரை நிற்பதுண்டு. வந்தால் எல்லோரும் சேர்ந்து பாடுங்கள். வராவிட்டால் "பாடுங்க பாட்டா, பாடுங்க" என்று நெருக்காதீர்கள். எல்லோருக்கும் அப்படி வராது.

பார்த்துக்கொள்பவர்களையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கு மகனிடமிருந்து தள்ளி, வட்டத்தின் எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி போடுங்கள். மகனுக்கு அருகில் குழுவில் வேறு ஒருவர் உட்காரட்டும். ஒன்றரை மணி நேரம் தன் குரலைத் தான் கேட்பது சில அம்மாக்களுக்குப் பல வருஷத்துக்கு அப்புறம் நடப்பது.

வாத்தியம் கொடுக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பறை, மகுடம், தவில் எதை எடுத்தாலும் யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற பேச்சு எங்கிருந்தாவது வரும். வந்த நொடியிலேயே நிறுத்துங்கள், அதைப் பேசினவர் பெரியவராக இருந்தாலும். கொடையில் சாமியாட்டத்துக்கு அடிக்கும் தாளத்தையும் கூட்டத்தில் அடிக்க வேண்டாம். சிலருக்கு அருள் வந்துவிடும். அது அந்த இடத்துக்கு உரியது, இங்கே வந்தால் குழந்தைகள் பயந்துபோவார்கள்.

8. ஒரு கூட்டம் எப்படிப் போக வேண்டும்

ஒன்றரை மணி நேரம் போதும். முதல் கால் மணி நேரம் வருகிறவர்கள் வந்து உட்காருவதற்கு, அப்போது யாரையும் பாட அழைக்காதீர்கள். அடுத்து வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரையும் தாளத்தோடு ஒரு சுற்று. பெயரை எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு தெரிந்த பாட்டு இரண்டு, புதியது ஒன்று, மறுபடி தெரிந்தது. என்னென்ன வரிசையில் நடக்கும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அடுத்தது என்ன என்று தெரியாததுதான் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பெரிய பதற்றம். காதை மூடும் ஹெட்போன் இரண்டு தயாராக வைத்திருங்கள்.

பாட்டுத் தாளில் எழுத்து 20 பாயின்ட் அளவுக்குக் குறையக்கூடாது, தடித்த எழுத்தாக இருக்க வேண்டும். சுருதியில் பெண்களுக்கு ஐந்து கட்டை, ஆண்களுக்கு ஒரு கட்டை என்பது கச்சேரிக் கணக்கு. இங்கே பாட்டின் உச்ச இடம் எழுபது வயதுப் பாட்டிக்கு எட்டுகிறதா என்று பாருங்கள், எட்டவில்லை என்றால் அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்குங்கள். வேகமும் அப்படியே. "பைய, பைய" என்று யாராவது சொன்னால் அதுதான் சரியான வேகம்.

பாட்டுத் தேர்வில் முதல் மூன்று கூட்டத்துக்கு எந்த மதத்தின் பக்திப் பாட்டும் வேண்டாம். தாலாட்டு, நடவுப் பாட்டு, கடற்கரையின் அம்பாப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு போதும். ஒருவரையொருவர் தெரிந்த பிறகு ஆளுக்கொரு பக்திப் பாட்டைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள், அப்போது அது விருந்தாகிவிடும்.

9. பாதுகாப்பு

18 வயதுக்குக் கீழே யாராவது வந்தால், எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது. பக்கத்து அறைக்குப் போனாலும், கழிப்பறைக்குக் கூட்டிப் போனாலும், ஆட்டோவில் வந்தாலும் இரண்டு பெரியவர்கள். இதை யார் மேலும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை என்று முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். தனக்கு நடந்த கொடுமை எதையாவது குழந்தை சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது கட்டாயம், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் விஷயம் அது இல்லை.

பாடும்போது சிலர் அழுவார்கள். நிறுத்தாமல் மெதுவாகப் பாடிக்கொண்டே இருங்கள், ஒருவர் மட்டும் பக்கத்தில் போய் உட்காரட்டும். வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் பாட்டு போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகச் சொல்லாமல் கூடவே போங்கள்.

10. வீடியோவும் மேடையும்

சினிமாப் பாட்டை ஹாலுக்குள் பாடுவதற்கும் யூடியூபில் ஏற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. டிக்கெட் வாங்காத பார்வையாளர்கள் முன்னால் ஒரு அமெச்சூர் குழு பாடுவதற்குக் காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இணையத்தில் போட்டால் உரிமையாளர் ஆட்சேபிக்கலாம், வீடியோ நீங்கலாம். எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆன பாட்டின் வரிகளை உங்கள் சொந்த மெட்டில் பாடினால் அந்தக் கவலை இல்லை. நம் தேரூர்க்காரர் கவிமணி 1954-ல் மறைந்தார், அந்தக் கணக்கு 2014-ஓடு முடிந்துவிட்டது. அவருடைய குழந்தைப் பாட்டுகளை எடுத்துக்கொள்ளலாம்.

குழு ஓடத் தொடங்கினால் மேடைக்கு அழைப்பார்கள், ஆண்டு விழா, சுதந்திர தினம், மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 என்று. முதல் ஆறு மாதம் எதையும் ஏற்காதீர்கள். ஒத்திகை என்று வந்ததும் தாளம் தவறுகிறவரை ஓரம் தள்ளும் ஆசை யாருக்கும் வரும். பிறகு ஏற்றாலும், ஒத்துக்கொள்ளும் முன் அழைக்கிறவரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மேடைக்குச் சாய்தளம் உண்டா, எத்தனை மணிக்கு எங்கள் முறை, அதைத் தள்ளிப்போட மாட்டீர்களே, பக்கத்தில் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை உண்டா, வண்டிச் செலவு யாருடையது. சாய்தளம் இல்லை என்றால் மேடைக்குக் கீழே, தரையில் பாடுகிறோம், எல்லோரும் சேர்ந்து, என்று சொல்லுங்கள். பாதிப் பேரை மட்டும் மேலே ஏற்றச் சொன்னால் வரவில்லை என்று சொல்லிவிடலாம். மாலையும் பொன்னாடையும் போடுவதாக இருந்தால் எல்லோருக்கும் போட வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்பதையும் அந்தத் தாளிலேயே சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.